சளிக்காலமும் உடலின் தற்காப்பும்

மழைக்காலம் தொடங்கிச் சில வாரங்கள் சென்றதும் தொடக்கப் பள்ளிகளின் வருகைப் பதிவேடுகளில் வெற்றிடங்கள் மிகுவது ஆசிரியர் அனைவரும் அறிந்ததே. முதலில் ஓரிரு குழந்தைகள் தும்முகின்றனர். பின்னர் வகுப்பில் பாதிப் பேர் இருமுகின்றனர். பெரும்பாலோர் சில நாட்களில் நலமடைந்து திரும்பிவிடுகின்றனர். ஆயின், அதே தெருவில், அதே வாரத்தில், அதே கிருமியால் தாக்குண்ட மற்றொரு குழந்தைக்கு நோய் நெஞ்சில் இறங்கி, மூச்சு இரைத்து, நுரையீரல் அழற்சியாக முற்றிவிடுவதும் உண்டு. இந்தியாவில் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளின் இறப்புக்குரிய முதன்மைக் காரணங்களுள் நுரையீரல் அழற்சி இன்றும் ஒன்றாக இருந்து வருகிறது.

கிருமி ஒன்றாக இருப்பினும் விளைவு வேறுபடுவது ஏன்? விடையின் ஒரு பகுதி கிருமியின் தன்மையில் அடங்கியுள்ளது. மற்றொரு பெரும்பகுதி அதனை எதிர்கொள்ளும் உடலின் நிலையைப் பொறுத்தது. அந்நிலை, சளிக்காலம் வந்தபின் கடையில் விலைக்கு வாங்கக்கூடிய பொருளன்று. உணவுத் தட்டிலும், அடுப்படியிலும், உறங்கும் இடத்திலும், தடுப்பூசி முகாமிலும் ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாகக் கட்டப்படுவதாகும். இதனை மக்கள் உணரும்படி எடுத்துரைக்கும் வாய்ப்பு களப்பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் மற்றெவரையும்விட மிகுதி.

சளி வேறு, இன்ஃபுளுவென்சா வேறு

சாதாரணச் சளியையும் இன்ஃபுளுவென்சாவையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். இரண்டும் வைரஸ்களால் உண்டாகின்றன. இரண்டும் மூக்கு, தொண்டை வழியே உடலினுள் புகுகின்றன. எனினும் அவற்றிற்குக் காரணமான வைரஸ்கள் வெவ்வேறானவை. சளியை உண்டாக்கும் வைரஸ்கள் பல குடும்பங்களைச் சேர்ந்தவை. அவற்றுள் முதன்மையான ரைனோ வைரசில் மட்டும் 150-க்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. ஒரு வகையை வென்று பழகிய உடலுக்கு மற்றொரு வகை புதியதாகவே இருக்கிறது. ஒருவர்க்கு வாழ்நாள் முழுவதும் மீண்டும் மீண்டும் சளி பிடிப்பதற்கும், சளிக்கெனத் தடுப்பூசி இதுவரை அமையாமைக்கும் இதுவே காரணம்.

இன்ஃபுளுவென்சா பெரும்பாலும் திடீரெனத் தொடங்கும். கடுங்காய்ச்சல், தலைவலி, உடல்வலி, வறட்டு இருமல், எழ முடியாத அளவு சோர்வு ஆகியன அதன் குறிகள். மனிதரைத் தாக்கும் இன்ஃபுளுவென்சா வைரசை 1933-ஆம் ஆண்டில் இலண்டனில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பேட்ரிக் லெயிட்லா ஆகிய மூவர் முதன்முதலாகப் பிரித்தெடுத்தனர். அதன் குறுக்களவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கே. இவ்வைரஸ் தன் மேலுறையை ஆண்டுதோறும் சிறிது மாற்றிக் கொள்கிறது. எப்போதோ ஒரு முறை முற்றிலும் புதிய உறையுடன் வெளிப்படுகிறது. அவ்வாறு வெளிப்படும்போது உலகெங்கும் பரவும் பெருங்கொள்ளை நோய் தோன்றக்கூடும்.

மழையில் நனைவதனாலோ குளிர்ந்த நீர் அருந்துவதனாலோ மட்டும் இந்நோய்கள் பிறப்பதில்லை. வைரஸ் இல்லாத இடத்தில் சளியும் இல்லை. மழையும் குளிரும் மக்களை வீட்டினுள் நெருங்கியிருக்கச் செய்கின்றன, சன்னல்கள் அடைக்கப்படுகின்றன, ஒருவர் விடும் மூச்சை மற்றவர் உள்ளிழுக்கின்றனர். நோய் பரவ இதுவே ஏற்ற சூழ்நிலை.

இரு கொள்ளை நோய்கள் தரும் பாடம்

1918-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பம்பாய் நகரில் தோன்றிய இன்ஃபுளுவென்சா, அவ்வாண்டு செப்டம்பரில் இரண்டாம் அலையாக எழுந்து நாடெங்கும் பரவியது. இந்தியாவில் மட்டும் 1 கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1921-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கு 1911-ஆம் ஆண்டின் கணக்கைவிடக் குறைந்து காணப்பட்டமைக்கு அந்நோயே முதற் காரணம். அவ்வாண்டில் தென்மேற்குப் பருவமழையும் பொய்த்தது. தானிய விலை ஏறிற்று. பல பகுதிகளில் மக்கள் பசியால் மெலிந்திருந்தனர். பம்பாயில் நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழை மக்களின் இறப்பு விகிதம், வசதியாக வாழ்ந்த ஐரோப்பியரின் விகிதத்தைப்போல் பன்மடங்காக இருந்தது.

ஆயினும் அந்நோய் மற்றோர் உண்மையையும் உணர்த்தியது. மாண்டவர்களுள் 20 முதல் 40 வயது வரையிலான திடகாத்திரமானோரும் பெருந்தொகையினர். முன்பின் அறியாத கிருமி வரும்போது உடல் வலிமை மட்டும் காப்பாகாது. அக்கிருமியை இனங்காணும் பயிற்சியும் வேண்டும்.

1957-ஆம் ஆண்டு மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்திற்கு வந்த ‘ராஜூலா’ என்னும் கப்பலின் பயணிகளிடையே ‘ஆசிய ஃபுளூ’ காணப்பட்டது. சில வாரங்களில் அது நாடு முழுவதும் பரவிற்று. 1958-ஆம் ஆண்டு பிப்ரவரி வரையில் ஏறத்தாழ 44 இலட்சம் பேர் நோயுற்றதாகவும், சுமார் 1,100 பேர் இறந்ததாகவும் அரசுக்கு அறிக்கைகள் வந்தன. பதிவாகாதவை இவற்றினும் மிகுதியாயிருக்கும். எனினும் 1918-ஐ நோக்க இழப்பு மிகக் குறைவே. வைரசின் கொடுமை குறைந்திருந்தமையும், நுரையீரல் அழற்சிக்குப் பெனிசிலின் போன்ற மருந்துகள் கிடைத்தமையும் அதற்குக் காரணங்களாகும்.

பருவம் இடத்திற்கிடம் மாறும்

சளிக்காலம் என்றவுடன் பனிக்காலத்தையே நினைப்பது வழக்கம். குளிர் நாடுகளுக்கு அது பொருந்தும். இந்தியாவிலோ பருவம் இடத்திற்கேற்ப மாறுபடுகிறது. பல நகரங்களில் நோயாளிகளைத் தொடர்ந்து பரிசோதித்து நடத்திய ஆய்வுகள், ஸ்ரீநகரில் இன்ஃபுளுவென்சா ஜனவரி முதல் மார்ச் வரையில் உச்சமடைகிறது என்றும், தில்லி, புனே போன்ற இடங்களில் தென்மேற்குப் பருவமழையை ஒட்டி ஜூன் முதல் செப்டம்பர் வரையில் மிகுகிறது என்றும், சென்னை, வேலூர்ப் பகுதிகளில் வடகிழக்குப் பருவமழையின்போது உயர்கிறது என்றும் காட்டின. பல இடங்களில் மழைக்காலத்தில் ஒன்றும் குளிர்காலத்தில் மற்றொன்றுமாக இரண்டு எழுச்சிகள் தோன்றுவதும் உண்டு.

எனவே தம் வட்டாரத்தில் எந்த மாதங்களில் நோய் மிகுகிறது என்பதைக் களப்பணியாளர் அறிந்து வைத்தல் வேண்டும். முன்னேற்பாடுகள் அனைத்தும் அம்மாதங்களுக்கு முன்பே முடிந்திருத்தல் நலம். பள்ளியின் பழைய வருகைப் பதிவேடுகளே இதற்கு ஓரளவு வழிகாட்டும்.

மூன்று அரண்கள்

கோட்டைக்கு அகழி, மதில், உள்ளிருக்கும் படை என மூன்று காப்புகள் இருப்பதைப்போல் உடலுக்கும் மூன்று அரண்கள் உள்ளன.

முதல் அரண் மூக்கு, தொண்டை, மூச்சுக்குழல் ஆகியவற்றின் உட்சவ்வு. அது சுரக்கும் கோழை, தூசியையும் கிருமியையும் ஒட்டிப் பிடிக்கிறது. சவ்வின்மீதுள்ள நுண்ணிய மயிரிழைகள் இடைவிடாது அசைந்து அக்கோழையை மேல்நோக்கித் தள்ளி வெளியேற்றுகின்றன. புகையும் வறட்சியும் இவ்விழைகளைத் தளரச் செய்கின்றன.

இவ்வரணைக் கடந்த வைரஸ் உயிரணு ஒன்றினுள் நுழைந்ததும் இரண்டாம் அரண் விழித்துக் கொள்கிறது. தாக்கப்பட்ட உயிரணு ஒருவகைப் புரதத்தை வெளியிட்டு அண்டை உயிரணுக்களை எச்சரிக்கிறது. இன்டர்ஃபெரான் எனப்படும் இப்பொருளை 1957-ஆம் ஆண்டில், இன்ஃபுளுவென்சா வைரசைக் கொண்டு ஆய்வு நடத்தியபோது, அலிக் ஐசக்ஸ், ஜான் லிண்டன்மன் என்னும் இருவர் இலண்டனில் கண்டறிந்தனர். வெள்ளணுக்களும் விரைந்து வந்து கிருமியை விழுங்க முற்படுகின்றன. காய்ச்சலும் உடல்வலியும் பெரும்பாலும் இப்போராட்டத்தின் விளைவுகளே.

மூன்றாம் அரண் பயிற்சி பெற்ற படை. குறிப்பிட்ட கிருமியை மட்டும் இனங்கண்டு தாக்கும் வெள்ளணுக்களும், அவை உண்டாக்கும் எதிர்ப்பொருள்களும் இதில் அடங்கும். புதிய கிருமியை எதிர்க்க இப்படை திரள்வதற்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். ஆயின், ஒருமுறை கண்ட கிருமியை அது நினைவில் வைத்திருந்து, மறுமுறை விரைவில் எழுகிறது. நோயின் துன்பமின்றி இந்நினைவை ஊட்டுவதே தடுப்பூசியின் பணி.

குன்னூர் ஆய்வுக்கூடம் காட்டிய உண்மை

நீலகிரியில் குன்னூரிலுள்ள பாஸ்டர் நிலையம் இவ்வரலாற்றில் தனியிடம் பெற்றது. 1950-களில் இந்தியாவின் இன்ஃபுளுவென்சா ஆய்வு மையம் அங்கேதான் செயற்பட்டது. அதற்கும் பல ஆண்டுகள் முன்னர், 1918-ஆம் ஆண்டில், அதே நிலையத்தின் ஓர் அறையில் இராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் உணவாராய்ச்சியைத் தொடங்கினார். அம்முயற்சியே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்திற்கு மாறி, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது.

மக்காரிசன் நாட்டின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்கு அளித்து ஒப்பிட்டுப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, பச்சைக் காய்கறிகள் அடங்கிய உணவைப் பெற்ற எலிகள் நன்கு வளர்ந்தன. சத்துக் குறைந்த உணவைப் பெற்றவை மெலிந்தன. அவற்றில் நுரையீரல் நோய்களும் குடல் நோய்களும் மிகுந்தன. வைத்திருந்த இடமும் பராமரிப்பும் ஒன்றே. வேறுபட்டது உணவு மட்டுமே.

இதன் காரணம் இன்று தெளிவாக விளங்குகிறது. வெள்ளணுக்கள் பெருகவும் எதிர்ப்பொருள்கள் உருவாகவும் புரதம் தேவை. கடும் ஊட்டக்குறைவுற்ற குழந்தையின் மார்பிலுள்ள தைமஸ் சுரப்பி சுருங்கிவிடுகிறது. வெள்ளணுக்களுள் ஒரு முக்கிய வகை அங்கேதான் பயிற்சி பெறுகிறது. வைட்டமின் ஏ குறையின் மூச்சுக்குழலின் உட்சவ்வு தன் காப்புத்திறனை இழக்கிறது. துத்தநாகம் குறையின் உயிரணுக்கள் பெருகுவது தடைப்படுகிறது. நோயோ பசியைக் குறைத்து உடலின் சேமிப்பைக் கரைக்கிறது. மெலிந்த உடலை அடுத்த நோய் எளிதில் பற்றுகிறது. இச்சுழற்சியை உடைப்பதே குழந்தை நலப் பணியின் உயிர்நாடி.

இதற்கு விலையுயர்ந்த பொருள்கள் வேண்டியதில்லை. பருப்பு, கடலை, முட்டை, மீன், பால் ஆகியவற்றுள் கிடைப்பதை நாள்தோறும் சேர்த்தல், கீரை, பப்பாளி, மாம்பழம், கொய்யா, நெல்லிக்காய் போன்றவற்றைப் பருவத்திற்கேற்ப உண்ணுதல், அரிசியோடு கம்பு, கேழ்வரகு போன்ற தானியங்களையும் பயன்படுத்துதல் ஆகியன போதும். பிறந்த குழந்தைக்கு முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தல் வேண்டும். தாயின் எதிர்ப்பொருள்கள் அதன் வழியே குழந்தையை அடைகின்றன. காய்ச்சலின்போது குழந்தையைப் பட்டினி போடுவது தவறு. சிறிது சிறிதாகப் பலமுறை ஊட்டுவதும், நலமடைந்தபின் இரு வாரங்களுக்கு வழக்கத்தைவிடச் சற்று மிகுதியாக உணவளிப்பதும் இழந்ததை மீட்கும் வழிகள்.

புட்டியில் அடைபடாத வலிமை

சளிக்காலத்தில் ‘நோய் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்’ என்ற விளம்பரத்துடன் பலவகை டானிக்குகளும் மாத்திரைகளும் விற்பனையாகின்றன. அன்றாடக் கூலியில் ஒரு பகுதியை இவற்றிற்குச் செலவிடும் குடும்பங்கள் உண்டு. குறைபாடு உள்ளவர்க்கு அக்குறையை நிரப்பும் மருந்து பயன் தரும் என்பது உண்மை. குறைபாடு இல்லாதவர் மேலும் மேலும் உண்பதால் தற்காப்பு இரட்டிப்பாவதில்லை.

வைட்டமின் சி இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. அதனை நாள்தோறும் மிகுதியாக உட்கொள்வதால் பொதுமக்களுக்குச் சளி பிடிப்பது குறையவில்லை என்றும், சளி நீடிக்கும் காலம் மட்டும் சிறிது சுருங்குகிறது என்றும், சளி தொடங்கியபின் உண்பதால் நிலையான பயன் காணப்படவில்லை என்றும் பல ஆய்வுகளின் தொகுப்பு தெரிவிக்கிறது. ஒரு கொய்யாப்பழமோ நெல்லிக்காயோ நாள் முழுமைக்கும் வேண்டிய வைட்டமின் சி-யைத் தரவல்லது.

இஞ்சி, துளசி, மிளகு சேர்ந்த கஷாயம் தொண்டைக்கு இதமளிக்கும், நீரும் உட்செல்லும். அதனைப் பழிக்க வேண்டியதில்லை. ஆனால் மூச்சு இரைக்கும் குழந்தைக்கு அதுவே மருந்தெனக் காத்திருப்பது ஆபத்து. ஒரு வயதிற்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுத்தலாகாது. காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் மாத்திரையைக் குழந்தைகளுக்குத் தருதலும் கூடாது. ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாவை அழிப்பனவேயன்றி வைரசை அழிப்பன அல்ல. சளிக்கு அவற்றைத் தாமாகவே வாங்கி உண்பதால், உண்மையில் தேவைப்படும் நாளில் அம்மருந்துகள் பலிக்காமற் போகும் நிலை வளர்ந்து வருகிறது.

காற்று, உறக்கம், கை

விறகு, வரட்டி ஆகியவற்றின் புகை நிறைந்த வீட்டில் வளரும் குழந்தைக்கு நுரையீரல் அழற்சி உண்டாகும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காகிறது. புகையில்லா எரிபொருளைப் பயன்படுத்துதல் சிறந்தது. அது இயலாதவிடத்துச் சமைக்கும் நேரத்தில் குழந்தையை அடுப்பருகில் வைத்துக் கொள்ளாமையும், புகை வெளியேற வழி செய்தலும் வேண்டும். வீட்டினுள் பீடி, சிகரெட் பிடிப்பதும் இவ்வகைத் தீங்கே.

உறக்கமும் தற்காப்பின் ஒரு பகுதி. அமெரிக்காவில் நிகழ்ந்து 2015-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில் 164 பேர்க்கு மூக்கில் ரைனோ வைரஸ் துளிகள் இடப்பட்டன. இரவில் 6 மணி நேரத்திற்குக் குறைவாக உறங்கியவர்க்கு, 7 மணி நேரத்திற்கு மேல் உறங்கியவரைக் காட்டிலும் சளி பிடிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காயிருந்தது. தேர்வுக்காக மாணவர்களை இரவெல்லாம் விழிக்கச் செய்வோர் இதனைக் கருதுவாராக.

கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல், இருமும்போது துணியாலோ முழங்கையின் மடிப்பாலோ வாயை மூடுதல், கண்ட இடத்தில் உமிழாமை, அறையின் சன்னல்களைத் திறந்து வைத்தல் ஆகியன கிருமியின் வரவைக் குறைப்பன. வரும் கிருமியின் அளவு குறையுமாயின் உடலின் சுமையும் குறையும்.

தடுப்பூசியின் பணி

தேசியத் தடுப்பூசி அட்டவணையிலுள்ள பல ஊசிகள் நுரையீரல் அழற்சியை மறைமுகமாகவும் நேராகவும் தடுக்கின்றன. 6, 10, 14-ஆம் வாரங்களில் இடப்படும் ஐந்து நோய்த் தடுப்பூசி, கக்குவான் இருமலையும் ஹிப் என்னும் பாக்டீரியாவையும் தடுக்கிறது. நிமோகாக்கல் தடுப்பூசி 2017 முதல் படிப்படியாக அறிமுகமாகி, 2021-இல் நாடு முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது. அது 6, 14-ஆம் வாரங்களிலும் 9-ஆம் மாதத்திலும் இடப்படுகிறது. தட்டம்மை உடலின் நோய் நினைவையே அழிக்கவல்லது. ஆதலின் அதற்குரிய இரு தவணைகளும் தவறலாகாது. 9-ஆம் மாதம் தொடங்கி ஐந்து வயது வரை அளிக்கப்படும் வைட்டமின் ஏ மருந்தும் இவற்றோடு சேர்ந்ததே.

இன்ஃபுளுவென்சா தடுப்பூசியின் கலவையை உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை ஆராய்ந்து பரிந்துரைக்கிறது. வைரஸ் மாறுவதால் ஊசியும் ஆண்டுதோறும் தேவைப்படுகிறது. ஊசி இட்டபின் காப்பு உண்டாக ஏறத்தாழ இரு வாரங்கள் ஆகும். ஆதலின் பருவம் தொடங்கு முன்னரே இடுதல் வேண்டும். கருவுற்ற பெண்கள், முதியோர், ஆஸ்துமா, நீரிழிவு, இதய நோய் உள்ளோர், மருத்துவப் பணியாளர் ஆகியோர் இது குறித்து மருத்துவரைக் கலந்து கொள்வது நன்று.

மூச்சை எண்ணுக

எத்துணை முன்னேற்பாடு செய்யினும் சில குழந்தைகளுக்கு நோய் முற்றவே செய்யும். அதனைக் காலத்தில் அறிவதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. நொடிமுள் உள்ள ஒரு கடிகாரமே போதும். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறும் மார்பும் ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுதல் வேண்டும்.

இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்திற்கு 60 அல்லது அதற்கு மேலும், 2 முதல் 12 மாதம் வரையுள்ள குழந்தைக்கு 50 அல்லது அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்கு 40 அல்லது அதற்கு மேலும் மூச்சு ஓடுமாயின், அது விரைவு மூச்சு, சிகிச்சை தேவை. மூச்சை இழுக்கும்போது மார்பின் அடிப்பகுதி உள்வாங்குதல், பால் குடிக்க இயலாமை, உட்கொண்ட அனைத்தையும் வாந்தியெடுத்தல், வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று காணினும் ஒரு மணி நேரமும் தாமதியாமல் மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.

இம்முறையை ஒவ்வொரு தாய்க்கும் தந்தைக்கும் கற்பிப்பது அங்கன்வாடிப் பணியாளர்க்கும் ஆஷா பணியாளர்க்கும் அரிய செயலன்று. ஆசிரியர், காய்ச்சலுடன் வரும் மாணவனை வருகைப் பதிவுக்காக வகுப்பில் இருத்தாமல் வீட்டிற்கு அனுப்பி, அவனுடைய தம்பி தங்கையரின் நிலையையும் விசாரித்தறியலாம். மதிய உணவுக்கு முன் கை கழுவும் பழக்கத்தைப் பள்ளியில் நிலைபெறச் செய்தால், அது மாணவர்களின் வழியே வீடுகளுக்கும் செல்லும்.

சளிக்காலத்தை நிறுத்த எவராலும் இயலாது. வைரஸ் ஆண்டுதோறும் வரும். வரும்போது அது நன்றாக உண்டு, உறங்கி, புகையற்ற காற்றை மூச்சிழுத்து, தடுப்பூசிகளை முறைப்படி பெற்ற குழந்தையைக் காணுமாயின், பெரும்பாலும் சில நாள் தும்மலோடு அகலும். அத்தகைய குழந்தைகளின் தொகையைப் பெருக்குவதும், எஞ்சிய குழந்தைகளின் மூச்சைக் காலத்தில் எண்ணிப் பார்ப்பதுமே இப்பருவத்தில் ஆற்ற வேண்டிய பணி.